"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுறாங்க: மருந்துச் சீட்டு, 'பவர்' கணக்கு, 'உப்பு'

பூவரசம்_இலை (இழையைத் தொடங்கியவர்)

மகளிர் குழுக்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. மருந்துச் சீட்டு, மாத்திரைக் கவர், லேப் ரிப்போர்ட் இந்த மூணையும் வீட்டுல வெச்சு எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லித் தரணும். வயசு 30லிருந்து 65 வரை. பாதிப் பேர் பத்தாவது தாண்டினவங்க, சிலருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். முதல் வரைவுல சக்கரை, பிரஷர், தைராய்டுன்னு நோய் நோயா விளக்கம் எழுதினோம். படிச்சுப் பார்த்தா அது எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் மாதிரி இருக்கு. தப்பு நடக்கிற இடம் எது, ஏன் நடக்குதுன்னு கவுன்ட்டர்லயும் வார்டுலயும் இருக்கிறவங்க சொன்னா அதை வெச்சே திருத்தி எழுதிடலாம்.

---

கவுன்ட்டர்_காரன் (மருந்தாளுநர்)

நோய் விளக்கத்தைத் தூக்கி ஓரமா வைங்க. தப்பு முக்கால்வாசி எண்ல நடக்குது, எழுத்துல இல்ல.

முதல்ல 'பவர்'. மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமிபிரைடு 1 மி.கி. ரெண்டும் சக்கரை மாத்திரைதான். "500 ரொம்ப பவர், அதைக் குறைச்சுக்கலாம். 1 சின்னதுதானே, கூட ஒண்ணு போட்டா என்ன?" இது பட்டப்படிப்பு முடிச்சவங்க வாயிலிருந்தும் வரும். நடக்கிறது நேர்மாறு. தனியா எடுக்கிற மெட்ஃபார்மின் சக்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுறது அபூர்வம். கிளிமிபிரைடை ஒண்ணு கூடப் போட்டுட்டு மத்தியானச் சாப்பாட்டை விட்டா, 4 மணிக்குக் கை நடுங்கி வேர்த்து விழுந்துடுவாங்க. மி.கி. எண்ணை ஒரே மருந்துக்குள்ள மட்டும்தான் ஒப்பிடணும். ஒரு மருந்தோட எண்ணை இன்னொரு மருந்தோட எண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதுல அர்த்தமே இல்ல. இதுக்கு மட்டும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

அடுத்து குழந்தைக் காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.ன்னு ஒண்ணு, 250 மி.கி.ன்னு ஒண்ணு. சொட்டு மருந்து 1 மி.லி.லயே 100 மி.கி. குழந்தை எடை 10 கிலோ, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15ன்னு 150 மி.கி. வேணும்னு வைங்க. 125 பாட்டில்னா 6 மி.லி., 250 பாட்டில்னா 3 மி.லி., சொட்டு மருந்துன்னா 1.5 மி.லி. போன தடவை "6 மி.லி."ன்னு சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு இந்தத் தடவை 250 பாட்டில்ல ஊத்தினா ரெண்டு மடங்கு. சொட்டு மருந்துல ஊத்தினா நாலு மடங்கு. மி.லி.யை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறதுதான் ஆபத்து. அளக்கிறதுக்கு மருந்தோட வர்ற மூடி, இல்லாட்டி ஊசி இல்லாத சிரிஞ்சு. வீட்டு ஸ்பூன் வேணாம். ஒண்ணு 3 மி.லி. பிடிக்கும், இன்னொண்ணு 7 பிடிக்கும்.

---

ஓபி_சீட்டு (பொது மருத்துவர்)

அண்ணே சொல்றது சரி. ஆனா படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்கிற மாதிரி போயிடக் கூடாது. மருந்து விவரத்தைப் புரிஞ்சுக்கிற திறனை எந்த நாட்டுல அளந்தாலும் பள்ளிப் படிப்பு, வயசு, வருமானம் மூணும் முன்னால வந்து நிக்கிற காரணிகள். கூடவே ஒண்ணு, நேரம். 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2017ல வந்துச்சு. மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிற சராசரி நேரம் பங்களாதேஷ்ல 48 வினாடி, ஸ்வீடன்ல 22.5 நிமிஷம். நம்ம நாடு ரெண்டு நிமிஷம் சொச்சம். அந்த ரெண்டு நிமிஷத்துல "1-0-1, ஒரு மாசம், அடுத்து யாரு"ங்கிறதைத் தாண்டிப் பேச முடியாது. (1-0-1ன்னா காலையில ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணு.) பழியை நோயாளி மேல போடுற மாதிரி வகுப்பு நடத்திடாதீங்க.

---

எண்ணும்_எழுத்தும் (பொதுச் சுகாதார ஆய்வு)

படிப்புக்குப் பங்கு இருக்கு, ஆனா எழுத்துக் கூட்டிப் படிக்கிறதும் அதைச் செய்யத் தெரியறதும் வேற வேற திறமை. இதை நேராக் காட்டின ஆய்வு 2006ல அமெரிக்காவுல வந்தது. 395 நோயாளிகள்கிட்ட மருந்து டப்பா லேபிளைக் கொடுத்தாங்க. 'ரெண்டு மாத்திரை, தினம் ரெண்டு வேளை'. வாசிப்புத் திறன் குறைஞ்சவங்கள்ல 70.7 சதவீதம் பேர் அந்த வரியைச் சரியாச் சொல்லிட்டாங்க. "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையை எண்ணி எடுத்து வைங்க"ன்னப்போ நாலு எடுத்து வெச்சவங்க 34.7 சதவீதம்தான். படிச்சாச்சு, ஒப்பிச்சாச்சு. பெருக்கல்ல விட்டாச்சு.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. ஆங்கிலத்துல 66 மருத்துவச் சொற்களைக் கொடுத்துச் சத்தமா வாசிக்கச் சொல்லி மதிப்பெண் போடுற ரியல்ம்னு ஒரு சோதனை உண்டு. தமிழ்ல அதை அப்படியே எடுத்து வெச்சா குப்பை. எழுத்து தெரிஞ்ச யாரும் 'சிறுநீரகச் செயலிழப்பு'ன்னு தடங்கல் இல்லாம வாசிச்சுடுவாங்க. வாசிச்சதால அர்த்தம் தெரியும்னு ஆகாது. ஸ்பானிஷ்காரங்களுக்கும் இதே தொல்லை. அதனால சொல்லைக் கொடுத்து, 'இதோட சம்பந்தப்பட்டது இந்த ரெண்டுல எது?'ன்னு கேட்கிற மாதிரி 50 சொல்லுக்குச் சோதனையை மாத்தினாங்க. உங்க வகுப்புக்கும் அந்த வழிதான் ஒத்துவரும். கடலைப் பருப்பை மாத்திரையா வெச்சு எண்ணச் சொல்லுங்க. துண்டுச்சீட்டுல 'ஒரு வேளைக்கு அரை, தினம் மூணு வேளை, 10 நாள். எத்தனை மாத்திரை வாங்கணும்?' 15ன்னு வரணும். யார் எங்க தடுக்குறாங்கன்னு அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

---

மூணாவது_வார்டு (செவிலியர்)

இன்சுலினை யாரும் சொல்லலையே. அரசு ஆஸ்பத்திரியில பெரும்பாலும் கொடுக்கிற 10 மி.லி. குப்பி 1 மி.லி.க்கு 40 யூனிட். பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ் 1 மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் ரெண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல '20' கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 8 யூனிட்தான். சக்கரை இறங்காது, "டோஸ் பத்தல"ன்னு ஏத்திக்கிட்டே போவாங்க. மறுபக்கம்தான் பயங்கரம். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல '20' இழுத்தா 50 யூனிட். சிரிஞ்சு தீர்ந்துபோய் அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில "இன்சுலின் சிரிஞ்சு ஒண்ணு குடுங்க"ன்னு வாங்கினா நடக்கிறது இதான். 40 குப்பி வெச்சிருக்கிறவங்களை "40 சிரிஞ்சு, சிவப்பு மூடி"ன்னு கேட்டு வாங்கப் பழக்கணும்.

வார்டுல "புரிஞ்சுதாம்மா?"ங்கிற கேள்வியை நிறுத்தணும். நூத்துக்கு நூறு "ஆமா"தான் வரும். மரியாதைக்கு ஒரு ஆமா, வெட்கத்துக்கு ஒரு ஆமா, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிறதுக்கு ஒரு ஆமா. அதுக்குப் பதிலா, "வீட்டுக்குப் போனதும் மருமக கேட்பாங்கல்ல, டாக்டர் என்ன சொன்னாருன்னு. என்ன சொல்வீங்க? நான்தான் வேகமாச் சொல்லிட்டேன், அதான் கேக்குறேன்"னு கேளுங்க. தப்பை நம்ம மேல போட்டுக்கிட்டாதான் அவங்க வாய் திறப்பாங்க. தப்பாச் சொன்னா அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்தி, திரும்பச் சொல்ல வைங்க. மொத்தத்தையும் முதல்லருந்து ஒப்பிச்சா குழப்பம்தான் கூடும்.

---

ஓபி_சீட்டு

ரெண்டு நிமிஷத்துல அதுக்கு எங்க நேரம் சிஸ்டர்?

---

மூணாவது_வார்டு

எல்லா மருந்துக்கும் வேணாம் சார். அன்னிக்குப் புதுசா சேர்த்த மருந்து, டோஸ் மாத்தின மருந்து இந்த ரெண்டுக்கு மட்டும் கேட்டாப் போதும், முக்கா நிமிஷம். இன்னொண்ணு, சீட்டை வாங்கிட்டு வெளிய வர்றவங்க அடுத்து வந்து நிக்கிறது மருந்து கொடுக்கிற ஜன்னல்ல. அங்கயும் ஒரு ஆள் கேட்கலாமே.

---

குறிஞ்சித்திணை

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. சீட்டு ஆங்கிலத்தில், அட்டை ஆங்கிலத்தில், ரிப்போர்ட் ஆங்கிலத்தில். எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டால் பாதிச் சிக்கல் தீரும். குருதி அழுத்தம், குருதிச் சர்க்கரை, சிறுநீரகம், செரிமானம் என்று நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

---

கவுன்ட்டர்_காரன்

தமிழ்ல வரணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. எந்தத் தமிழ்ங்கிறதுதான் கேள்வி. கவுன்ட்டர்ல வந்து "குருதி அழுத்த மாத்திரை கொடுங்க"ன்னு கேட்கிற ஆள் கிடையாது. "பிரஷர் மாத்திரை"தான்.

---

ஓபி_சீட்டு

ஜனங்க பேசுற சொல்லையும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்க முடியாது, அதுக்குள்ளயும் குழி இருக்கு. தினம் வம்பு பண்ற சொல் நாலு.

*ரத்தக் கொதிப்பு.* சொல்லே கோபத்தையும் சூட்டையும் கொண்டுவந்துடுது. "நான் டென்ஷனே ஆகுறதில்ல, எனக்கெதுக்கு மாத்திரை?"ன்னு நிறுத்திடுறாங்க. இளநீரும் மோரும் குடிச்சா கொதிப்பு அடங்கிடும்னு ஒரு கணக்கு வேற. உயர் அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. தலைசுத்தல் இல்லங்கிறதால அழுத்தம் இல்லன்னு ஆகாது.

*உப்பு.* "கிட்னியில உப்பு கூடியிருக்கு"ன்னு நாங்களே சொல்லிப் பழக்கிட்டோம். சொல்ல வர்றது யூரியா, கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு. கேட்கிறவங்களுக்குச் சமையல் உப்பு. அதோட விளைவு ரெண்டு விதம். சிலர் சோத்துல உப்பை நிறுத்திட்டு அத்தோட வைத்தியம் முடிஞ்சதுன்னு இருந்துடுவாங்க. சிலர் சாதா உப்புக்குப் பதிலா 'சோடியம் குறைஞ்ச உப்பு' வாங்குவாங்க. அதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கும், கெட்டுப்போன கிட்னிக்கு அதுதான் ஆபத்து. கிரியேட்டினின் 0.9 இருந்தது 1.4 ஆனா "அரை பாயிண்ட்தானே"ங்கிறாங்க. இருந்ததுல பாதிக்கு மேல ஏறியிருக்குன்னு அர்த்தம்.

*நெகட்டிவ்.* டெஸ்ட் நெகட்டிவ்னா கெட்ட செய்தின்னு அழுதுக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க, பாசிட்டிவ்னா நல்லதுன்னு சந்தோஷமாப் போறவங்களும் இருக்காங்க. "தேடின கிருமி இல்ல", "இருக்கு"ன்னே சொல்லிடலாம்.

*கேஸ்.* நெஞ்சுல பாரம், இடது கை வலி, வேர்வை. எல்லாம் கேஸ்தான்னு சோடா குடிச்சுட்டுப் படுத்துடுவாங்க. மாரடைப்புல மணிக்கணக்கு வீணாகிறதுக்கு இந்தச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. வேர்வையோட வர்ற நெஞ்சு பாரம்னா 108. இதை மட்டும் பெரிய எழுத்துல போடுங்க.

---

வடமராட்சியான் (இலங்கை, மருந்தகம்)

இஞ்ச எங்கட பக்கம் கதை கொஞ்சம் வேற. அரசாங்க ஆஸ்பத்திரியில குளிசையை (உங்கட மாத்திரை) கடுதாசிக் கவருக்குள்ள எண்ணிப் போட்டுத் தருவினம். வெளியில 'மனே', 'நொக்டே' எண்டு லத்தீன் சொல்லு. மனே எண்டால் காலமை, நொக்டே எண்டால் இரவு. அது தெரியாத ஆக்கள், வெள்ளைக் குளிசை காலமைக்கு, மஞ்சள் குளிசை இரவுக்கு எண்டு நிறத்தை வைச்சுத்தான் ஞாபகம் வைச்சிருப்பினம். அடுத்த மாதம் வேற கொம்பனிச் சரக்கு வந்தால் நிறம் மாறிப்போகும், பிறகு எல்லாம் தலைகீழ். கவரிலை சூரியன், சந்திரன் படம் கீறிக் குடுக்கிறது எவ்வளவோ உதவி. ஆனால் மத்தியானத்துக்கு என்ன படம் எண்டு முதலே யோசிச்சு வையுங்கோ. காலமைச் சூரியனும் மத்தியானச் சூரியனும் ஒரே மாதிரித் தெரிஞ்சால் படம் போட்டும் பிரயோசனம் இல்லை.

இன்னொண்டு, கிழமைக்கு ஒருக்கா போடுற குளிசை. மூட்டுவாதத்துக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் கிழமையில ஒரு நாள் மட்டும்தான். ஆக்கள் மற்றக் குளிசையளோட சேர்த்து நாளாந்தம் போட்டு, வாய் முழுக்கப் புண் வந்து, இரத்த அணுக்கள் விழுந்து, உயிர் போறதும் உண்டு. 'வாரம் ஒரு முறை' எண்டு எழுதினால் காணாது. 'திங்கட்கிழமை மட்டும்' எண்டு நாளின்ர பேரை எழுத வேணும்.

---

கவுன்ட்டர்_காரன்

நாள் பேரு எழுதுறது அருமையான யோசனை அண்ணே. இங்க அட்டையோட கொடுக்கிறோம், ஆனா 4 மாத்திரை போதும்னு கேட்டா அட்டையை வெட்டிக் கொடுக்கிறோம். வெட்டின துண்டுல பேரும் இருக்காது, காலாவதி மாசமும் இருக்காது. அச்சு இருக்கிற ஓரத்தை விட்டுட்டு மறு ஓரத்திலிருந்து வெட்டச் சொல்லிக் கேளுங்க. வீட்டுலயும் அந்தப் பக்கத்திலிருந்தே பிச்சுச் சாப்பிடுங்க. 06/2026ன்னு போட்டிருந்தா ஜூன் கடைசித் தேதி வரைக்கும் செல்லும், ஜூன் 1 வரைக்கும் இல்ல.

விழுங்கக் கூடாததை விழுங்குறதும் உண்டு. வீசிங்குக்கு உறிஞ்சுற கேப்ஸ்யூல் பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும். கருவியைக் கொடுக்காம கேப்ஸ்யூலை மட்டும் கையில கொடுத்தா தண்ணி ஊத்தி முழுங்கிடுவாங்க. கருவியையும் கேப்ஸ்யூலையும் ஒரே பையில போட்டுக் கட்டிக் கொடுக்கணும்.

---

எண்ணும்_எழுத்தும்

காரணிகள்னு பட்டியல் போடும்போது எல்லாரும் மறந்துட்டுப் போறது கண்ணாடி. நாற்பது தாண்டினா கிட்டப் பார்வை மங்க ஆரம்பிக்கும், அட்டையில இருக்கிற எழுத்து எறும்பு மாதிரி. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், தெரியற மாதிரி அச்சு இல்ல. வகுப்புக்கு வர்றவங்களைக் கண்ணாடி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, இல்லாதவங்களுக்குப் போன் கேமராவுல பெரிசாக்கிப் பார்க்கச் சொல்லித் தாங்க. இந்தக் கொஞ்சம் வேலைக்கு வர்ற பலன் அரைமணி நேரச் சொற்பொழிவுல வராது. காது மந்தமும் இதே கதைதான். கேட்காதவங்கதான் அதிகமாத் தலையாட்டுவாங்க.

வீட்டுல மருந்து யார் பொறுப்புங்கிறது இன்னொண்ணு. ஐரோப்பாவுல 8 நாட்டுல 2011ல எடுத்த கணக்கெடுப்பு, 47 கேள்வி. தகவலைத் தேடிப் பிடிக்கிறது, புரிஞ்சுக்கிறது, நம்பலாமான்னு எடைபோடுறது, நடைமுறையில செய்யறதுன்னு நாலு படி வெச்சுக் கேட்டாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திறன் பத்தலைன்னு வந்துச்சு. கேள்வி எல்லாம் ஒரு தனி ஆளைப் பார்த்துக் கேட்கிறது. நம்ம வீட்டுல இந்த நாலு படியும் நாலு ஆள்கிட்ட கிடக்கு. சீட்டைப் படிக்கிறது பேரன், வாங்குறது மகன், எடுத்துக் கொடுக்கிறது மருமகள், முழுங்குறது மாமியார். வகுப்புக்கு மாமியார் மட்டும் வந்தா பாதிதான் போய்ச் சேரும். தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்ல தொடங்கினதுலருந்து பிரஷர், சக்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருது. டப்பாவைத் திறந்து எல்லா அட்டையையும் பாயில பரப்பிப் பார்க்க அதைவிடத் தோதான இடம் இல்ல. ஒரே மருந்து ரெண்டு கம்பெனிப் பேர்ல கிடக்கிறது அப்பதான் கண்ணுல படும்.

---

குறிஞ்சித்திணை

சொல் விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். 'எடைபோடுவது' என்றீர்களே, அதற்கு வகுப்பில் என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

---

மூணாவது_வார்டு

நம்பாதேன்னு சொல்லாதீங்க, ரெண்டு பொருளைக் கையில கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. ஒண்ணு வயித்துப்போக்குக்குத் தண்ணியில கலக்கிக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலம், இன்னொண்ணு அட்டைப் பெட்டியில வர்ற பழரச பானம். ரொம்ப வருஷமா அந்தப் பெட்டி மேலயும் ஓ.ஆர்.எஸ்.ங்கிற மாதிரி பேர் இருந்துச்சு. 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. கடையில இன்னும் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கி வெச்சிருப்பாங்க. பேரை மூடிட்டு சர்க்கரை எவ்வளவுன்னு பார்க்கச் சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கலவையில 1 லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பானத்துல சர்க்கரை அதுக்குப் பல மடங்கு இருக்கும், வயித்துப்போக்கு கூடும்.

பொட்டலத்துலயும் தப்பு உண்டு. பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்துல கொஞ்சத்தை டம்ளர்ல போட்டுக் கலக்கிட்டு மீதியை மடிச்சு வைக்கிறதுதான் வழக்கம், அளவு எப்பவும் சரியா வராது. முழுப் பொட்டலத்தையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில கொட்டணும், 24 மணி நேரத்துல தீரலைன்னா கீழ ஊத்திடணும். பொட்டலமே கிடைக்கலைன்னா 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரெண்டும் தலை தட்டினது, குவிச்சது இல்ல.

---

பூவரசம்_இலை

நோய் விளக்கம் மொத்தமும் வெட்டியாச்சு. இப்ப வகுப்பு மூணு துண்டு: கடலைப்பருப்பு எண்ணுறது, அட்டை படிக்கிறது (கண்ணாடியோட), நாலு சொல். வீட்டுல ஒட்டிக்க ஒரு மாதிரிக் கவரும் தயாரிச்சிருக்கோம்:

> எதுக்கு: சக்கரை
> காலை டிபனுக்கு அப்புறம்: 1 மாத்திரை
> ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்: 1 மாத்திரை
> ஒரு நாளைக்கு மொத்தம்: 2
> 30 நாளைக்கு: 60

---

கவுன்ட்டர்_காரன்

'எதுக்கு'ங்கிற வரி பிரமாதம், எங்க கவர்ல எதுலயும் அது கிடையாது. '30 நாளைக்கு 60'க்குக் கீழ 'தீரும் தேதி'ன்னு ஒரு கட்டம் விடுங்க. நார்மல் ஆயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினவங்களைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. தேதி தாண்டியும் கவர்ல 20 மாத்திரை இருந்தா கேட்டுடலாம்.

---

மூணாவது_வார்டு

'டிபன்'ங்கிறதை எடுத்துடுங்க. விடிகாலை 6 மணிக்குப் பழைய சோறு சாப்பிட்டுட்டு நூறு நாள் வேலைக்குப் போறவங்க "நான் டிபன் சாப்பிடுறதில்ல"ன்னு காலை மாத்திரையையே விட்டுடுவாங்க. 'காலைல சாப்பிட்டதும்'னு போடுங்க.

---

பூவரசம்_இலை

மாத்தியாச்சு அக்கா. 'தீரும் தேதி' கட்டமும் போட்டாச்சு. சூரியன் படம் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, மத்தியானத்துக்குச் சோத்துத் தட்டு போட்டிருக்கோம்.